ஊதாத சங்கு

எழில்மொழி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். கையில் கசங்கிக் கிடந்த கடிதத்தை மேசைமேல் அறைந்து வைத்தாள்.

"சாயங்காலம் நாலு மணிக்குள்ள இதுல கையெழுத்துப் போடணுமாம் மேடம். இல்லைன்னா போலீஸாம்."

வரலட்சுமி மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, கடிதத்தை இரண்டு முறை படித்தார். எடையளவுத் துறையில் இருபது வருடம் கடைக்காரர்களின் தராசுகளோடு மல்லுக்கட்டியவர் அவர். விருப்ப ஓய்வு பெற்ற பிறகு, ராயபுரம் கல்மண்டபத்தில் ஒரு மாடிப்படிக்கு அடியில் அலுவலகம் போட்டு, காப்பீட்டு நிறுவனங்களுக்காக விபத்துகளைத் துருவிக்கொண்டிருந்தார். பிறந்தது ஆரணிப் பக்கம். இங்கே வந்து எத்தனையோ வருடமாகியும் இந்த ஊர்ப் பாஷை அவர் நாக்கில் ஒட்டவில்லை.

அந்தக் குறைக்குத்தான் பீம்ராவ் இருந்தான். அவருடைய அம்பாசடரை ஓட்டுகிறவன். ஒரு காலத்தில் வியாசர்பாடியில் குத்துச்சண்டை போட்டவன். வயது நாற்பத்திரண்டு ஆகியும், கோபம் வந்தால் வலது கை தானாக மூடிக்கொள்ளும். இப்போது மூடித்தான் இருந்தது. அங்கே ஹவுசிங் போர்டில் தன் பிளாக்கிலேயே குடியிருக்கும் பெண் என்பதால் எழில்மொழியை அழைத்து வந்தவனே அவன்தான்.

"இன்னா எய்திகீறானுங்க, சத்தமா படி யக்கா."

"'கிரேனின் கம்ப்யூட்டர் நிரலைத் திருத்தும்போது என் கவனக்குறைவால் ஒரு வரியை நீக்கிவிட்டேன். வியாழக்கிழமை விபத்துக்கு நானே முழுப் பொறுப்பு.'" வரலட்சுமி கடிதத்தை மடித்தார். "நீ செஞ்ச வேலை என்ன? எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா."

"திருவொத்தியூர் கண்டெய்னர் யார்டு கிரேன்ல ஒரு கம்ப்யூட்டர் இருக்கு மேடம். தூக்குற பெட்டி எத்தனை டன்னுன்னு ஒரு கார்டு அதுக்குச் சொல்லும். கார்டு சொல்றதைப் புரிஞ்சிக்கிறது டிரைவர்."

"டிரைவரா?" பீம்ராவ் நிமிர்ந்தான்.

"உன்ன இல்ல மாமா, அதுவும் புரோகிராம்தான். கெர்னல்னு கம்ப்யூட்டரோட அடிமட்டம் ஒண்ணு இருக்கு, அதுக்குள்ள ஓடும். மேல எது நின்னாலும் அது நிக்காது. அதனாலதான் முக்கியமான வரிய அங்க வெச்சிருக்கு. நாப்பது டன்னுக்கு மேல போனா மோட்டார நிறுத்து, சங்கு ஊது."

ஐந்து வருடத்துக்கு முன்பு, தொண்ணூற்றெட்டில், காசிமேட்டு பக்தவச்சலம் எழுதிய நிரல் அது. ஆள் இப்போது துபாயில். நல்ல மூளைக்காரர்தான், ஆனால் ஒரே வேலையை மூன்று இடத்தில் எழுதிவைத்திருந்தார். புதிய கெர்னலில் அது ஓட மறுத்தது. எழில்மொழி இரண்டு மாதம் உட்கார்ந்து சுத்தம் செய்தாள்.

"வேணாங்கறத தூக்கிட்டேன், மிச்சத்த ஒழுங்கு பண்ணேன். அந்த நாப்பது டன் வரிய மட்டும் தொடவே இல்ல. திங்கக்கிழமை கிரேன்ல போட்டு, நாப்பத்திரண்டு டன் பெட்டிய மாட்டிப் பாத்தோம். சங்கு ஊதுச்சு. வியாழக்கிழமை ஊதல. கம்பிவடம் அறுந்து ராசையா மாமாவோட இடது பாதம் பூடுச்சு. கீழ நின்னு கொக்கி மாட்டுறவர் அவரு. எங்க மேல்வூடு. நேத்து அவரு சம்சாரம் குப்பம்மா அத்தை படிக்கட்டுல நின்னு எம்மேல மண்ண வாரித் தூத்துச்சு. அவங்க வூட்டு சோத்த தின்னு வளந்தவ மேடம் நானு."

"நீ கொண்டுவந்த பையில என்ன?"

"அதான யக்கா? தூக்கிகினு வந்தேன், ஒரே கனம்" என்றான் பீம்ராவ். "பாத்தா அத்தினியும் பேப்பரு."

பழைய நிரலின் அச்சுப் பிரதி அது. ஓரமெல்லாம் சிவப்புப் பென்சில் கோடு. நிரல் வரிகளுக்கு நடுவே பக்தவச்சலம் தன் குறிப்புகளை ஆங்கில எழுத்தில், ஆனால் அசல் வடசென்னை பாஷையில் எழுதியிருந்தார். நாற்பது டன் வரிக்கு மேல் இருந்ததை எழில்மொழி வாசித்தாள்: "'இத்த தூக்காத. தூக்கினா ஆளு பூடுவான்.' இந்த மாதிரி அறுபத்தொண்ணு. வெளியூர்க்காரங்களும் படிக்கணுமேன்னு எல்லாத்தையும் இங்கிலீஷ்ல மாத்துனேன். இத 'எடை வரம்பு'ன்னு போட்டேன்."

"மாத்தச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல. எங்க முதலாளி அர்ஜுன் சாருக்குத் தெரியவே தெரியாது. அவரு நாங்க எழுதற புரோகிராமப் படிச்சுப் பாக்குற ஆளில்ல."

வரலட்சுமி அந்த யார்டின் காப்பீட்டுக் கம்பெனிக்கு ஒரு போன் போட்டுவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

எண்ணூர் விரைவுச் சாலையில் லாரிகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நின்றன. யார்டு வாசலை அடையும்போது மணி இரண்டாகிவிட்டது. மேனேஜர் சுப்பராயன் அறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே கால்மேல் கால் போட்டு அர்ஜுன் உட்கார்ந்திருந்தான். எழில்மொழி வேலை பார்க்கும் மென்பொருள் கம்பெனியின் முதலாளி, முப்பத்தைந்து வயதுக்காரன். மேசையில் டீ வந்திருந்தது. பெண்கள் இருவருக்கும் நாற்காலி போடச் சொல்ல அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

"காப்பீட்டுக் கம்பெனி சார்பா வந்திருக்கேன்" என்றார் வரலட்சுமி. "கிரேன் கம்ப்யூட்டரைப் பார்க்கணும்."

"எதுக்கு மேடம் அவ்வளவு உயரம் ஏறிகிட்டு?" சுப்பராயன் சிரித்தார். "அர்ஜுன் எல்லாத்தையும் பேப்பர்லயே எடுத்து வெச்சிட்டாரு."

அர்ஜுன் ஒரு தாளை நீட்டினான். "இவ போட்ட டிரைவர். நாற்பது டன் வரி இருக்கவேண்டிய இடத்தைப் பாருங்க. வரியைக் காணோம். பதிலா இவளே குறிப்பு எழுதி, பேரோட முதலெழுத்தும் போட்டிருக்கா." கடைவாயில் சிரிப்போடு படித்தான்: "'இந்த லைனு வேஸ்ட்டுபா. நான் தூக்கிகினேன். எ.மொ.'"

எழில்மொழி கத்தப்போனாள். வரலட்சுமி அவள் தோளில் கைவைத்தார். பீம்ராவுக்கு அந்த வாசகம் பல்லிடுக்கில் மாட்டிய மீன்முள்ளாக உறுத்தியது. எங்கே உறுத்துகிறது என்று மட்டும் பிடிபடவில்லை.

தாளைத் திரும்ப வாங்கும்போது அர்ஜுனின் முழங்கை பட்டு டீ கிளாஸ் கவிழ்ந்தது. அவன் அலட்டிக்கொள்ளாமல் பீம்ராவைப் பார்த்துக் கண்ணடித்தான். "இன்னா நைனா பாத்துகினு கீற? டீய கொட்டிகினேன், துணி எடுத்துகினு வா!"

சூடு பட்டுவிட்டதோ என்று பீம்ராவ் அவன் சட்டையைத்தான் முதலில் பார்த்தான். வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. டீ முழுவதும் மேசைமேல் ஓடிக்கொண்டிருந்தது. பிறகுதான் தன்னை எடுபிடியாக நினைத்து ஏவுகிறான் என்பது அவனுக்கு உறைத்தது. வலது கை மூடிக்கொண்டது.

"பீம்ராவ், வா" என்றார் வரலட்சுமி. "முதல்ல மேல ஏறுவோம்."

கிரேனின் ஏணியடியில் அதை ஓட்டுகிற வேலப்பன் பீடி பிடித்துக்கொண்டிருந்தான். வரலட்சுமி அவனிடம் சங்கைப் பற்றிக் கேட்டார்.

"சனியன், ஒரு நாளிக்கு பத்து தபா ஊதும் மேடம். பேஜாரு புடிச்ச வேல. லோடு அப்பிடியே நின்னுபூடும், மேனேஜர் வந்து கத்துவாரு. புதன்கெயமைலேர்ந்து ஊதல, நிம்மதியா..." சட்டென்று நிறுத்திக்கொண்டான். பீடியைக் கீழே போட்டு மிதித்தான்.

"விபத்து வியாழக்கிழமைதானே?" என்றார் வரலட்சுமி. அவன் ஏணியை விட்டு விலகி வழிவிட்டான்.

ஓட்டுநர் கூண்டில் இருந்த கம்ப்யூட்டரை எழில்மொழி திறந்தாள். "கோப்போட தேதி திங்கக்கிழமைன்னுதான் இருக்கு மேடம். ஆனா தேதிய யாரு வேணா மாத்தலாம்." ஏதோ ஒரு கட்டளையைத் தட்டினாள். திரையில் நிரல் ஓடியது. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் தொப்பி மாதிரி ஒரு குறி, அதை ஒட்டி ஒரு 'எம்'.

எழில்மொழி அந்தக் குறியைத் தொட்டுக் காட்டினாள். "இது விண்டோஸ்ல திறந்து சேவ் பண்ணா வர்ற குறி. சும்மா பாத்தா தெரியாது, பேப்பர்ல அச்சடிச்சா வரவே வராது. என் மெஷின்ல லினக்ஸ் மட்டும்தான். எங்க ஆபீஸ்ல விண்டோஸ் இருக்கிறது ஒரே ஒரு லேப்டாப்புலதான், அர்ஜுன் சாரோடது."

"இந்தக் கம்ப்யூட்டரோட பாஸ்வேர்டு யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு. சாருக்கு."

வரலட்சுமி பீம்ராவின் பக்கம் திரும்பினார். "அந்தக் குறிப்பைக் கேட்டப்போ உன் முகம் மாறுச்சே, ஏன்?"

பீம்ராவ் பதில் சொல்ல வாயைத் திறந்தான். சொல்லிக்கொண்டே வரும்போது அவனுக்கே புரிந்துவிட்டது. கோபத்தில் காதுமடல் சிவந்தது.

மூன்றரை மணிக்கு எல்லாரும் மேனேஜர் அறையில் கூடினார்கள். வேலப்பனையும் வரலட்சுமி கூடவே அழைத்து வந்திருந்தார். கடிதம் மேசையில் இருந்தது, மேலே ஒரு பேனாவும்.

"கையெழுத்துக்கு முன்னால ஒரு சின்னச் சந்தேகம்" என்றார் வரலட்சுமி. "வேலப்பன், டீ மேசைமேல கவுந்துபோச்சுன்னா நீங்க எப்படிச் சொல்வீங்க?"

வேலப்பன் விழித்தான். "டீய கொட்டிட்டேன்னு சொல்லுவேன்."

"'கொட்டிகினேன்'னு சொன்னா?"

"அது ஒடம்பு மேல கொட்டிகினா சொல்றது மேடம். வெந்துபூடும்ல."

"தூக்கிகினேன்னா?"

இதற்கு பீம்ராவ் பதில் சொன்னான். "கொயந்தய இடுப்புல தூக்கிகினேன். மூட்டைய தோள்ல தூக்கிகினேன். கூடவே வெச்சிகினேன்னு அர்த்தம். வேணான்னு எடுத்து கடாசினா, அது தூக்கிட்டேன். எங்க பேட்டைல மூணு வயசு புள்ளகூட இத மாத்தி பேசாது சார்! எல்லாத்துலயும் ஒரு 'கினு' சேத்துட்டா எங்க பாஷ ஆயிடுமா?"

வரலட்சுமி அர்ஜுனிடமிருந்து அந்தத் தாளை வாங்கி மேசையில் விரித்தார்.

"வியாசர்பாடியில பிறந்த பொண்ணு, 'அந்த வரியை நான் எடுத்துக்கிட்டுப் போனேன்'னு எழுதமாட்டா. உங்க சட்டையில சொட்டு டீ இல்லாமலே 'டீய கொட்டிகினேன்'னு சொன்னவர் நீங்கதான் அர்ஜுன்."

"இதெல்லாம் ஒரு சாட்சியா?" அர்ஜுன் சிரிக்கப் பார்த்தான். "பழைய ஆள் எழுதினது மிச்சம் இருந்திருக்கும். அந்தக் கோப்பு பூரா இந்தக் கலீஜ்தானே?"

"இருந்தது. அறுபத்தொரு இடத்தில். எல்லாத்தையும் இவ இங்கிலீஷ்ல மாத்திட்டா. நீங்க எப்பவோ பார்த்த பழைய கோப்போட ஞாபகத்தில், அதோட கலந்துடும்னு நினைச்சு எழுதினீங்க. புதுக் கோப்பு முழுக்கப் பார்த்தேன்; இந்தப் பாஷை ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கு. இவளோட ரெண்டு மாச உழைப்பை ஒரு தடவை படிச்சிருந்தா மாட்டியிருக்க மாட்டீங்க." அவர் குரல் ஒரு படிகூட உயரவில்லை. "சாட்சி வேணும்னா மேல கூண்டில் இருக்கு. கோப்பு முழுக்க விண்டோஸ் குறி. பேப்பர்ல அது வராது; மேனேஜர் சொன்னபடி ஏறாம இருந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. வேலப்பன், புதன்கிழமை என்ன நடந்தது?"

வேலப்பன் சுப்பராயனைப் பார்த்தான். பிறகு எழில்மொழியைப் பார்த்தான்.

"மத்தியானம் மேனேஜர் சாரு, ஒரு மணி நேரம் போய் துன்னுட்டு வாடான்னாரு. என்னிக்கும் கால் மணிதான் குடுப்பாரு. நா எறங்கசொல்லோ இந்த சாரு லேப்டாப்ப தூக்கிகினு ஏணிகிட்ட நின்னுகினு இருந்தாரு. அப்பால நாப்பத்தியஞ்சு டன்னுகூட தூக்குச்சு, சங்கே ஊதல. வாய தொறந்தா வேல பூடும்னு சும்மா இருந்துட்டேன்."

"சும்மா இருந்துட்டியா?" பீம்ராவ் அவன் சட்டையைப் பிடித்தான். "அடுத்த நாளு ஒர்த்தன் காலு பூடுச்சே, அப்பவும் சும்மா இருந்துட்டியா?" வேலப்பன் கையை விலக்கவில்லை, முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டு அழுதான். பீம்ராவ் தானாகவே விட்டுவிட்டான்.

"சங்கு தொல்லைன்னு மட்டும்தான் நான் சொன்னேன்" என்று சுப்பராயன் உளறினார். "பொண்ணு பேரைப் போட்டது அவரோட யோசனை."

"நீங்கதானே சார், ஏதாவது ஆனா யார் தலையில போடறதுன்னு கேட்டீங்க?" என்று அர்ஜுன் அவர்மேல் பாய்ந்தான். தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அதற்குப் பிறகுதான் அவனுக்கு எட்டியது.

ஆள் செத்தாலும் சாகட்டும் என்று முன்கூட்டியே துணிந்து, பழிக்கு ஒரு பெண்ணையும் பொறுக்கி வைத்திருக்கிறார்கள். பீம்ராவின் வலது கை மேசைக்கு மேலே எழுந்தது. வரலட்சுமி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கையை இறக்கு. அடிச்சா இவன் ஆஸ்பத்திரிக்குப் போவான், நீ ஜெயிலுக்குப் போவே. ஸ்டேஷனுக்கு போன் போடு."

எழில்மொழி கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தாள். அழுகை வரவில்லை.

"நீ வா, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்றார் வரலட்சுமி. "ராசையாகிட்டயும் குப்பம்மாகிட்டயும் நானே சொல்றேன்."

"வர்றேன் மேடம். அதுக்கு முன்னாடி ஒரு வேலை பாக்கி இருக்கு."

மறுபடியும் ஏணி ஏறினார்கள். போலீஸுக்காக அந்தக் கோப்பை அப்படியே நகலெடுத்து வைத்துவிட்டு, எழில்மொழி நாற்பது டன் வரியைத் திரும்ப எழுதினாள். அதன் மேலே 'எடை வரம்பு' என்று ஆங்கிலத்தில் அடித்தாள்.

"எல்லாரும் படிக்கணும்னு சுத்தம் பண்ணேன் மாமா. சுத்தம் பண்ணதுல, இது ஆள் உயிருங்கறதையே தூக்கிட்டேன். பக்தவச்சலம் அண்ணன் தெரிஞ்சுதான் அப்படி எழுதியிருக்காரு."

அந்த ஆங்கில வரியை அழித்தாள். பழைய அச்சுப் பிரதியைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். கடைசியில் தன் பங்குக்கு ஒரு வாக்கியம் சேர்த்தாள். நிரலை ஏற்றிவிட்டு, அறுந்ததற்குப் பதிலாகப் போட்டிருந்த புதிய வடத்தில் நாற்பத்திரண்டு டன் பெட்டியை மாட்டச் சொன்னாள். மோட்டார் உறுமி நின்றது. யார்டு முழுக்கக் கேட்கும்படி சங்கு ஊதியது.

பீம்ராவ் குனிந்து திரையைப் படித்தான்.

'இத்த தூக்காத. தூக்கினா ஆளு பூடுவான். சந்தேகம்னா ராசையா மாமாவ கேளு.'