உலோகந்தேடி

புழுவை விட்டாகிவிட்டது. இனி அது எங்கே போகிறது என்று பார்க்க வேண்டியதுதான்.

கன்னியம்மா வயலுக்குள் வெறுங்காலோடு நின்றாள். வேலைக்குக் கொடுத்த பூட்ஸ் வரப்பில் கிடந்தது. பயிர் வைக்கிற மண்ணை மிதியடியோடு மிதிக்க அவள் ஊரில் யாருக்கும் மனசு வராது.

தோல் பதனிடும் ஷாப்புகள் மூடியும் அவை கொட்டிய குரோமியம் மண்ணை விட்டுப் போகவில்லை. சாதா மண்புழு அதில் சுருண்டு செத்தது. நெல் முளைத்த வேகத்தில் மஞ்சளாகிப் படுத்தது. அப்புறம்தான் ஆய்வுக்கூடத்தில் உலோகந்தேடியை உண்டாக்கினார்கள். உலோகம் எங்கே அதிகமோ அங்கே ஊர்ந்துபோய்த் தின்று உப்பிப்போகிற புழு. உப்பியதைப் பொறுக்கி உலையில் போட வேண்டும். பொறுக்கிச் சுத்தம் செய்தவர்களுக்கே நிலம் என்றது சர்க்கார். கன்னியம்மாவும் பக்கத்து வீட்டு வேண்டாவும் குனிந்தார்கள். நிமிரும்போது தலை நரைத்திருந்தது.

இன்று கடைசிச் சோதனை. விதை தெளித்த மாதிரி புழு பரவினால் மண் பாஸ். ஓரிடத்தில் கூடினால் நிலம் கிடையாது.

சோதனைக்கு வந்த ஃபர்ஹீன் கையிலிருந்த புழுக்காட்டியைப் பார்த்தாள். திரையில் புள்ளிகள் ஊர்ந்தன.

“ம்மா, நீங்க நிக்கிற எடத்துல கூடுது. கொஞ்சம் தள்ளுங்க.”

தள்ளினாள். புள்ளிகளும் தள்ளின.

வேண்டா சிரித்தாள். “இன்னாமே, உன் பின்னாலயே வருது! கட்னவன்கூட இப்படிச் சுத்தலியே.”

“உன் காலாண்டயும் பாதி கீது. வாய மூடு.”

ஃபர்ஹீன் சிரிக்கவில்லை. “மண்ணுல இருக்கற உலோகத்த உறிஞ்சத்தான் இங்க கீரை நட்டது. பிடுங்கி எரிக்கச் சொன்னாங்களே, எரிச்சீங்களா?”

“எரிச்சோமே” என்றாள் வேண்டா, அவசரமாக.

“காஞ்சத எரிச்சோம்” என்றாள் கன்னியம்மா. “பச்சையா தளதளன்னு நிக்கறத எப்படி மேடம் எரிக்கறது? கடைஞ்சி துன்னோம்.”

ஃபர்ஹீன் அவர்களின் வெறுங்கால்களைப் பார்த்தாள். பிறகு இருவரையும் வரப்புக்கு அப்பால் போய் நிற்கச் சொன்னாள். போனார்கள். புள்ளிகள் மெதுவாகக் கலைந்து வயல் முழுக்கப் பரவின. புழுக்காட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

“மண்ணு பாஸ்.”

“அப்ப நெலம் எங்களுதா?”

“உங்களுதுதான். ஆனா நீங்க ரெண்டு பேரும் உள்ள எறங்கக் கூடாது. உங்க வேர்வையிலயே உலோகம் இருக்கு, திரும்ப மண்ணுல சேந்துடும். ஆள் வெச்சிப் பயிர் பண்ணிக்கலாம். ஆஸ்பத்திரிக்கும் எழுதித் தரேன்.”

வேண்டா தரையில் உட்கார்ந்துவிட்டாள். கன்னியம்மாவுக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. யாருடைய வயிற்றையோ தொடுவதுபோலத் தன் வயிற்றைத் தடவினாள்.

“செத்தா இங்க பொதைக்கலாமா மேடம்?”

ஃபர்ஹீன் அந்தக் கேள்வியைப் புழுக்காட்டியில் தட்டிப் பார்த்தாள். சிவப்பு எரிந்தது.

“ஆவாதும்மா. மண்ணு கெட்டுடும்.”

கன்னியம்மா தலையாட்டினாள். அதுவும் நியாயம்தான் என்று அவளுக்குப் பட்டது. எவ்வளவு பாடுபட்டு நல்லதாக்கின மண்!