அரண்மனைக் கிணறு

தண்ணீர் உப்புக் கரித்தது. கடையில் வாங்கிய கேன் தண்ணீர்தான். சண்முகப்ரியா இன்னொரு வாய் குடித்துப் பார்த்தாள். வெயிலில் உழைத்தவன் மேலுதட்டில் வழிகிற வியர்வையின் உப்பு. எவ்வளவு குடித்தும் தாகம் அடங்கவில்லை.

காங்கேயத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் அந்த இடிந்த வீட்டை ஊரில் இன்னமும் அரண்மனை என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பேர் ஒன்றுதான் மிச்சம். வெள்ளைக்காரனுக்கு வரி வசூலித்துக் கொடுத்து அவளுடைய முப்பாட்டனார் சேர்த்த நிலம், தாது வருசப் பஞ்சத்தில் பல மடங்கு பெருகியது. ஊர்க் கிணறெல்லாம் வற்றிக் கிடக்க, அரண்மனைக் கிணறு மட்டும் ஊறியது. ஒரு குடம் தண்ணீருக்கு விளைகிற காட்டையே எழுதிக் கொடுத்தார்கள். கொடிகட்டிப் பறந்த குடும்பம்தான். பிறகு அதே கிணறு தூர்ந்தது. வேறு கிணறு வெட்டி வெட்டிப் பட்ட கடனிலேயே காடெல்லாம் கைவிட்டுப் போயிற்று. நன்றாக வேண்டும் என்றது ஊர்.

அந்தக் கதையெல்லாம் விருந்தாளிகளுக்கு எதற்கு? கணவன் போன பிறகு மகள் மிதுளாவை ஆளாக்க வேண்டுமே என்றுதான் வீட்டை விடுதியாக்கிக்கொண்டிருந்தாள். தூர்ந்த கிணற்றின் மேல், மாடு கட்டி நீர் இறைக்கிற பழைய கவலை ஏற்றத்தையும் புதுப்பித்தாள். கிணற்றிலிருந்து சரிந்து இறங்கும் வாரியில் செம்மண் போட்டு, உருளையில் தோல்பறியைத் தொங்கவிட்டு, வடக்கயிற்றோடு நுகத்தைப் பூட்டி, போட்டோவுக்கு எடுப்பாக இருக்கட்டுமென்று அப்படியே விட்டிருந்தாள்.

சமையலுக்கு வந்த அமலி, பொழுது சாய்கிற நேரத்தில் கையைத் துடைத்துக்கொண்டே அதைப் பார்த்து நின்றாள்.

"ஏனுங்க அம்மணி, நுகத்தக் கழட்டிச் சாத்தி வெக்கலீங்களா?"

"காலைல மாடு வருது. இருக்கட்டும் அமலியக்கா."

"பொழுதெறங்குனா கழட்டிப்போடோணுங்க. பூட்டுன நுகம் ஜோடி தேடும்னு எங்கூட்ல சொல்லுவாங்க."

"எதுக்கு?"

"பஞ்சத்துல மாடெல்லாம் செத்துப்போச்சுங்களா, தண்ணி கேட்டு வந்த சனத்தப் புடிச்சு உங்க முப்பாட்டனாரு நுகத்துல பூட்டுனாருங்க. எங்க வம்சத்துல நாச்சியம்மாள்னு ஒருத்தி. அவளையும் அவ புள்ளையையும் ஜோடி சேத்தாருங்க. வாரியில எறங்கறப்ப கனத்துக்குக் கயித்து மேல அவரே ஏறி உக்காந்துக்குவாருங்களாம். ரெண்டு பேரும் நுகத்துலயே செத்தாங்க. மிச்சமிருந்தவங்க மிசன் பாதிரிமாரு ஊத்துன கஞ்சி குடிச்சுப் பொழச்சோமுங்க."

"இதெல்லாம் தெரிஞ்சுமா எங்கிட்ட வேலைக்கு வந்தீங்க?"

"பாத்துட்டுப் போலாம்னு வந்தேனுங்க." அமலியின் சிரித்த முகம் மாறவேயில்லை. "போயிட்டு வாரேனுங்க."

அவள் போனதும், முதலில் அந்த நுகத்தைக் கழற்றிவிட வேண்டும் என்று சண்முகப்ரியா எழுந்தாள். அப்போதுதான் தோட்டத்துப் பக்கமிருந்து ஈரத்தோலின் வீச்சம் காற்றோடு வந்து கூடம் முழுக்க நிறைந்தது. அதன் பின்னாலேயே, எண்ணெய் காணாத உருளை மெல்லத் திரும்புகிற முனகல்.

"மிதுளா?"

ஊஞ்சலில் செல்போன் தானாகப் பாடிக்கொண்டிருந்தது. பிள்ளை இல்லை.

செருப்பில்லாமல் ஓடினாள்.

வாரியின் தலைமாட்டில் மிதுளா நின்றாள். நுகம் அவள் பிஞ்சுக் கழுத்தில். மறுபக்கம் காலி. ஆனாலும் நுகம் சாயவில்லை.

தூக்கினாள். அசையவில்லை. கழுத்துக் கயிற்றை அவிழ்த்தாள். அவிழ்க்க அவிழ்க்க இறுகியது. பிள்ளையின் தோள் வளைந்துகொண்டே வந்தது. கண்ணில் நீர். சத்தமில்லை.

"ஐயோ, கண்ணு!"

வேறு வழி தெரியவில்லை. பாரத்தைத் தாங்கிக்கொள்ள, மறுபக்கத்தில் தானே கழுத்தைக் கொடுத்தாள்.

கயிறு சுற்றி இறுகியது.

அப்புறம் பின்னால், வடம் தாழ்ந்தது. யாரோ ஏறி உட்கார்ந்தார்கள். நெஞ்செலும்பு நெரியும் கனம்.

"நடங்க, அம்மணி."

பெண் குரல். அமலியுடையதல்ல. மரியாதையான குரல். அவசரமே இல்லாத குரல்.

மிதுளாதான் முதல் அடி எடுத்து வைத்தாள்.