மேல்பட்டை எங்கே?

போன் அடித்தது.

தொட்டியக்கா எடுக்கவில்லை. எப்படி எடுப்பாள்? இரண்டு கையிலும் சிலிக்கான் பசை. மேஜைமேல் ஒரு புதுத் தொட்டியின் பக்கக் கண்ணாடி அவள் பிடியில் நின்றுகொண்டிருந்தது. பசை இறுகுவதற்குள் கையை எடுத்தால் மூட்டு கெட்டுவிடும். மூட்டு கெட்டால் அவளுக்குக் கோபம் வரும். மூட்டு கெடாவிட்டாலும் வரும்.

மறுபடி அடித்தது.

மறுபடி...

பல்லைக் கடித்துக்கொண்டு முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"யாருய்யா அது? ஒரு தடவை எடுக்கலைன்னா கையில வேலை இருக்குன்னு அர்த்தம். அதுகூடத் தெரியாதா?"

"போலீஸ்" என்றது போன்.

"சொல்லுங்க."

"வக்கீல் வீட்டு ஹால்ல மீன் தொட்டி கட்டினது நீங்கதானே?"

"ஆமா. அதுக்கென்ன?"

"தொட்டி உடைஞ்சிடுச்சு. வக்கீல் செத்துட்டார். கிளம்பி வாங்க."

"உடைஞ்சிடுச்சா? என் தொட்டியா?"

செத்தது ஒரு மனிதன். அவள் விசாரித்தது தொட்டியை! போனின் அந்தப் பக்கம் இருந்த இன்ஸ்பெக்டர் இதை மனதில் குறித்துக்கொண்டார்.

ஹாலில் கால் வைத்ததும் தரைவிரிப்பு 'சொதக்' என்றது. சுவரில் பதித்திருந்த ஆறடித் தொட்டியின் முகம் காணாமல் போயிருந்தது. பின்கண்ணாடியும் பக்கக் கண்ணாடிகளும் மட்டும் நின்றன. தரை முழுக்க கத்திகத்தியாகக் கண்ணாடித் துண்டுகள். ஏட்டு, உயிரோடு இருந்த மீன்களைப் பொறுக்கி ஒரு வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வேலை தனக்கு எப்படி வந்தது என்று அவருக்கே புரியவில்லை.

தொட்டிக்குக் கீழே அலமாரி. அதன் கதவு திறந்திருந்தது. அதன் முன்னால் போர்வை போர்த்திய உடல். பக்கத்தில் மெத்தை போட்ட தாழ்வான பெஞ்ச், நனைந்து ஊறிப் போயிருந்தது.

சமையலறை வாசலில் வக்கீலின் மனைவி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

அழுதது, கத்தியது எல்லாம் வக்கீலின் தம்பிதான்.

"இவதான் சார். கண்ணாடிய மெலிசா போட்டு எங்கண்ணன் கழுத்தை அறுத்துட்டா. உள்ள தள்ளுங்க சார் இவளை."

"மெலிசு கேட்டது உங்கண்ணன்."

"செத்தவர் மேலயே பழி போடுறியா?"

"பழியா? நடந்ததைச் சொல்றேன். இந்த உயரத்துக்குப் பதினஞ்சு எம்எம் போடணும்னேன். பத்து போதும்னார். கனமான கண்ணாடி பச்சையடிக்கும், மீனோட கலர் செத்துடும்னார். அப்படின்னா மேல பட்டை போட்டே தீருவேன்னேன். பட்டை அசிங்கமா இருக்கும்னார். வேற ஆளைப் பாருங்கன்னு எழுந்து வந்துட்டேன். அப்புறம்தான் வழிக்கு வந்தார்."

இன்ஸ்பெக்டர் குறுக்கே வந்தார்.

"பட்டைன்னா என்னம்மா?"

"தண்ணி நிறைஞ்சா முன்கண்ணாடி வெளிப்பக்கம் வயிறு தள்ளும் சார். அது தள்ளாம இருக்க, மேல் ஓரத்துல சுத்தி நாலு விரல் அகலத்துக்குக் கண்ணாடிப் பட்டை ஒட்டுவோம். மனுஷனுக்கு பெல்ட் மாதிரி."

"பெல்ட் போட்டும் உடைஞ்சிடுச்சே?"

"என் ஒட்டு விட்டுடுச்சுங்கிறீங்களா?"

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லலை. ஆனா ஒருத்தர் செத்துக் கிடக்கார். தொட்டி உங்களோடது. பதில் சரியா இல்லைன்னா நீங்க இங்கிருந்து வீட்டுக்குப் போக மாட்டீங்க."

தொட்டியக்காவுக்குச் சுருக்கென்றது. ஜெயில்! அதுகூடப் பரவாயில்லை. 'அவ கட்டின தொட்டி ஆளைக் கொன்னுடும்' என்று ஊர் பேசினால்? அதற்கப்புறம் எவன் வீட்டில் அவளைக் கண்ணாடி தொட விடுவான்?

போர்வை மூடிய உடலைச் சுற்றி நடந்து போய்த் தொட்டியின் அடிப்பக்கம் மண்டியிட்டாள்.

"இங்க வாங்க சார். பாருங்க."

அடித்தட்டின் ஓரத்தில், முன்கண்ணாடியின் அடித்துண்டு இன்னும் பல்பல்லாக நின்றுகொண்டிருந்தது. அதைப் பிடித்து ஆட்டினாள். அசையவில்லை.

"ஒட்டு விட்டிருந்தா கண்ணாடி முழுசா பேந்து விழுந்திருக்கும். இங்க கண்ணாடி உடைஞ்சிருக்கு, ஒட்டு அப்படியே இருக்கு. அதுவா உடையாது சார். உடையணும்னா..."

நிறுத்தினாள். எழுந்தாள். தரையில் கிடந்த துண்டுகளைச் செருப்புக் காலால் கிளறினாள்.

இங்கே கிளறினாள். அங்கே கிளறினாள்.

"பட்டை எங்க?"

"என்னது?"

"என் பட்டை எங்க சார்? ரெண்டு பக்கமும் பாலிஷ் போட்டுக் குடுத்தேன். உடைஞ்சாலும் துண்டு தெரியணுமே. ஒரு துண்டுகூட இல்லையே."

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். நின்றுகொண்டிருந்த பின்கண்ணாடியின் மேல் ஓரத்தை விரலால் தடவினாள். முகம் சிவந்தது.

"அறுத்திருக்காங்க."

"எப்படிச் சொல்றீங்க?"

"பிஞ்சிருந்தா பசை பிசிறு பிசிறா நிக்கும். இது வழவழன்னு இருக்கு. மெல்லிசு கம்பியை விட்டு, ரெண்டு முனையையும் விரல்ல சுத்திக்கிட்டு ரம்பம் மாதிரி இழுத்திருக்காங்க. பழைய தொட்டியைப் பிரிக்க நாங்களே அப்படித்தான் பண்ணுவோம்."

"நாங்கன்னா?"

"நாங்கன்னா... தொட்டி கட்றவங்க."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது.

இன்ஸ்பெக்டர் மெதுவாகச் சொன்னார்.

"கையைக் காட்டுங்க."

காட்டினாள். இரண்டு ஆள்காட்டி விரல்களிலும் கம்பி அறுத்த கோடுகள்!

"பார்த்தீங்களா சார்?" தம்பி துள்ளினான். "வாயாலயே மாட்டிக்கிட்டா."

"வாயை மூடுய்யா." தொட்டியக்காவின் குரல் ஹாலையே அதட்டியது. "இது வருஷக்கணக்கா வாங்கினது. ஆறிப்போய்த் தழும்பாயிடுச்சு. கண்ணு இல்லையா உனக்கு? தொட்டியில தண்ணி விட்டு போன மாசம் நான் கிளம்பறப்ப பட்டை இருந்துச்சு. அப்புறம் நான் இந்த வாசப்படியே மிதிக்கலை. சார், புதுசா யார் விரல்ல அறுத்திருக்குன்னு பாருங்க. இந்த வீட்ல இருக்கற எல்லார் கையையும் பாருங்க."

இன்ஸ்பெக்டர் தம்பியின் கையைப் பிடித்துத் திருப்பினார். மோதிரங்கள்தான் இருந்தன.

வக்கீலின் மனைவி கேட்காமலே இரண்டு கையையும் நீட்டினாள். சுத்தம்.

"என் கை வேணுமா சார்?" என்றார் வாளியோடு நின்ற ஏட்டு.

"யோவ், சும்மா இருய்யா."

"இல்ல சார்... இன்னும் ஒருத்தர் கையைப் பார்க்கலையே."

ஏட்டு குனிந்து போர்வையின் ஓரத்தை விலக்கினார்.

வக்கீலின் கைகள். இரண்டு ஆள்காட்டி விரல்களிலும் பிளாஸ்திரி!

வாளிக்குள் ஒரு மீன் துள்ளியது.

"இது எப்போ ஆச்சு?" இன்ஸ்பெக்டர் மனைவியைக் கேட்டார்.

"நேத்து. காகிதம் கிழிச்சுடுச்சுன்னு சொன்னார்."

"ரெண்டு கையிலயும், ஒரே இடத்துலயா?"

"நான் அவரைக் குறுக்கு விசாரணை பண்றதில்லை சார். அது அவரோட தொழில்."

அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. பட்டைகளை ஏட்டு கண்டுபிடித்தார். வக்கீலின் ஆபீஸ் அறையில், சட்டப் புத்தக அலமாரிக்குப் பின்னால், படுக்கை விரிப்பில் சுற்றி நிறுத்தி வைத்திருந்தார்கள். கீறல்கூட இல்லை.

"தொட்டிக்குத் தண்ணி விடற குழாய் எங்கம்மா இருக்கு?" என்று இன்ஸ்பெக்டர் தொட்டியக்காவைக் கேட்டார்.

"அவர் ரூம் பாத்ரூம்ல. அங்கதான் வேணும்னு அடம் பிடிச்சார்."

"நாங்க வந்தப்ப அந்தக் குழாய் திறந்திருந்துச்சு. ஏட்டுதான் மூடினார்."

தொட்டியக்கா பெஞ்சைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள். மறுபடி பெஞ்சைப் பார்த்தாள்.

"அடப்பாவி..."

"என்னம்மா?"

"நீளத்தை எவ்வளவு வேணா கூட்டிக்கோங்க, உயரத்தைக் கூட்டினாத்தான் அழுத்தம் ஏறும்னு நான் சொன்னேன். உடனே உயரத்தைக் கூட்டச் சொன்னான். டஃபண்ட் கண்ணாடி போடலாம், உடைஞ்சாலும் கல்கண்டு மாதிரிதான் கொட்டும், ஆளைக் கிழிக்காதுன்னேன். அதுல உருவம் நெளியும், சாதாக் கண்ணாடியே போடுன்னான். பெஞ்சை ஓரமா போடலாம்னேன். தொட்டியோட நடுவுல, ஒட்டி, தாழ்வா இருக்கட்டும்னான். எல்லாமே அழகுக்குன்னு நெனச்சேன் சார். ரசனை பிடிச்ச மனுஷன்னு நெனச்சேன். ஒவ்வொண்ணும் ஆளைக் கொல்றதுக்குக் கேட்டிருக்கான்."

செத்துப்போன வக்கீல் 'அவர்' என்பதிலிருந்து 'அவன்' ஆனதை யாரும் கவனிக்கவில்லை.

"பட்டையை மட்டும் நான் விட்டுக் குடுக்கலை. அதான் தண்ணியை இறக்கி அவனே அறுத்துட்டு, இன்னிக்குக் குழாயைத் திறந்து மறுபடி ஏத்தியிருக்கான்."

"அறுத்தவர் ஏன் தூக்கி எறியாம பத்திரமா வச்சிருந்தார்?"

"காரியம் முடிஞ்சதும் உடைச்சு இந்தக் குப்பையோட குப்பையா போட. அப்ப எல்லாம் சேர்ந்து உடைஞ்ச மாதிரி இருக்கும். கட்டினவ சரியில்லைன்னு கேசு போட. வக்கீல் வேற. கொலை அவனோடது, கம்பி எண்றது நான்." அவள் கை தானாக ஓங்கியது. "உசுரோட இருந்திருந்தா நாலு அறை விட்டிருப்பேன் சார்."

"யாரைக் கொல்ல?" என்றான் தம்பி, ஈனக்குரலில். அவனுக்கும் தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டான்.

தொட்டியக்கா மனைவி பக்கம் திரும்பினாள்.

"பெஞ்ச் உங்களுக்குன்னு சொன்னார். உங்களுக்கு மீன்னா உசுராம். பிறந்தநாள் பரிசாம்."

"எனக்கா? மீனா?" மனைவி முதல்முறையாகக் குரலை உயர்த்தினாள். "நான் கேட்டது வாஷிங் மெஷின். தினம் காலையில இங்க உக்காந்துதான் காபி குடிக்கணும்னு உத்தரவு. உக்காரலைன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுப்பார். பாசம்னு நெனச்சேன்."

"உங்களை எதுக்கும்மா கொல்லணும்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இந்த வீடு எங்கப்பா எனக்குக் குடுத்தது. விக்கணும்னார். உசுரு இருக்கிறவரைக்கும் கையெழுத்துப் போட மாட்டேன்னேன்."

உசுரு இருக்கிறவரைக்கும்... வக்கீல் அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

தம்பி தலையைப் பிடித்துக்கொண்டு நனைந்த பெஞ்சில் உட்காரப் போனான். அது எந்த பெஞ்ச் என்று ஞாபகம் வந்ததும் சட்டென்று எழுந்துவிட்டான்.

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"குழாயைத் திறந்து விட்டுட்டு, தண்ணி எதுவரைக்கும் ஏறியிருக்குன்னு பார்க்க வந்திருப்பார். குனிஞ்சிருக்கார். இன்னும் நேரம் இருக்குன்னு தப்புக் கணக்குப் போட்டுட்டார். தான் வச்ச பொறியில தானே விழுந்துட்டார். கேஸ் முடிஞ்சுது." தொட்டியக்காவைப் பார்த்தார். "நீங்க போகலாம்மா. உங்க தொட்டி மேல தப்பு இல்லை."

"அதை இதோ, இவர் காதுல விழற மாதிரி இன்னொரு தடவை சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் சொன்னார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

தொட்டியக்கா வாசலுக்கு வந்து ஸ்கூட்டரைத் திருப்பினாள். பின்னாலேயே வக்கீலின் மனைவி வந்து நின்றாள். திரும்பி ஹாலை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இன்ஸ்பெக்டர் சொன்னது சரியில்லை."

"எது?"

"அவரா வந்து குனியலை. காலையில காபியோட வந்தேன். தொட்டி மேல தூசி தட்டலாம்னு கை வச்சேன். பட்டையைக் காணோம். தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு. கண்ணாடி வயிறு தள்ளி நிக்குது."

தொட்டியக்காவின் கை ஹேண்டில் பாரில் அப்படியே நின்றது.

"எல்லாம் புரிஞ்சு போச்சு. எனக்கு வந்த கோபம் இருக்கே... அப்படி ஒரு கோபம் என் வாழ்க்கையில வந்ததில்லை. அந்த பெஞ்சுல நான் உக்காருவேன்னு ரூம்ல உக்காந்து காத்துக்கிட்டு இருந்தார். நேரா அவர்கிட்ட போனேன். 'தொட்டி அடியில சொட்டுதுங்க, கொஞ்சம் பாருங்க'ன்னேன். தண்ணி ஒழுகிப் போனா திட்டம் கெட்டுடும்ல? பதறிட்டு ஓடினார். நான் சமையலறைக்குப் போயிட்டேன்."

அவள் கண்ணில் இப்போதுதான் நீர் திரண்டது.

"நீங்க இதைப் போலீஸ்ல சொல்லப் போறீங்களா?"

தொட்டியக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நிஜமாவே சொட்டுச்சா?"

"இல்லை."

"அதானே!" ஸ்கூட்டரை ஓர் உதை உதைத்தாள். "வீட்டுக்காரரைப் போட்டுத் தள்ளுங்க, அது உங்க குடும்ப விவகாரம். ஆனா இனிமே என் தொட்டி ஒழுகுதுன்னு எவன்கிட்டயாவது சொன்னீங்க... அப்ப நான் போலீசுக்குப் போவேன்."