கண்ணாடிக்குள் ஒரு மச்சினி!

"ஆ...!"

தோளில் ஊசி இறங்கியதும் அலறினாள் அந்த விஞ்ஞானி. திரும்புவதற்குள் கண்ணாடி அறையின் கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டுவிட்டது.

வெளியே அவளுடைய அக்கா கணவர். இந்தக் கிருமி ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவர். கையில் காலி ஊசி!

"என்ன அத்தான் இது...?"

"என் கிருமிதான். நீ ஃப்ரிட்ஜுல பூட்டுறதுக்கு முன்னாடியே ஒரு சொட்டு எடுத்து வச்சிட்டேன்!"

அடப்பாவி!

தொண்டையில் சும்மா கிடக்கிற கிருமி அது. தலைமுறை தலைமுறையாகக் கொம்பு சீவி, நுரையீரலைத் தின்கிற எமனாக்கியிருந்தார் மனிதர். விற்பதற்கு! விஷயம் தெரிந்ததும் அவள் கிருமிக் குழாய்களை ஃப்ரிட்ஜுக்குள், அதைக் கொல்லத் தான் கண்டுபிடித்த புதிய ஊசி மருந்துக்குப் பக்கத்தில் அடைத்து எண் பூட்டு போட்டிருந்தாள்.

"நம்பரைச் சொல்லு. வாங்குற ஆள் வாசல்ல நிக்கிறான்." மாத்திரைப் புட்டியைக் குலுக்கினார். "உனக்கு இந்த மாத்திரை கேட்கும். சொன்னாதான் தருவேன்!"

கதவை உதைத்தாள். அசையவில்லை. போன் வெளியே மேஜையில்.

"அக்காகிட்ட என்ன சொல்வீங்க?"

"அழுவேன். நல்லாவே அழுவேன்!"

சிரித்தார். சிரிப்பு இருமலானது. குனிந்து குனிந்து இருமினார். கைக்குட்டையில்... ரத்தம்!

அவள் கண் அதிலேயே நின்றது.

"அத்தான்... முன்னெச்சரிக்கைன்னு இதே மாத்திரையைத்தானே தினமும் போடுறீங்க?"

"ஆமா. பாதி பாதியா. முழுசு எதுக்கு வேஸ்ட்டா?"

தலைவலி மாத்திரையையே நாலாக உடைக்கிற மகா கஞ்சன்!

"பாதி மாத்திரைக்கு நோஞ்சான் கிருமிதான் சாகும். தாங்கிப் பிழைச்சது உங்களுக்குள்ள குட்டி போட்டுப் பெருகியிருக்கு. மாத்திரை போட்டும் ரத்தம் வருதுன்னா என்ன அர்த்தம்? அது இனிமே உங்களுக்குக் கேட்காது!"

"அப்போ... நீ?"

"எனக்குள்ள போனது குழாய்க் கிருமி. மாத்திரையைக் கண்ணாலயே பார்க்காதது. நான் பிழைச்சுக்குவேன். உங்களுக்கு என் ஊசி மருந்து ஒண்ணுதான் கதி!"

அவர் பார்வை ஃப்ரிட்ஜுக்குப் போனது. முகம் வெளுத்தது. மறுபடி இருமல்... மறுபடி ரத்தம்!

கதவு திறந்தது. புட்டியை நீட்டினார்.

மாத்திரையை முழுசாக விழுங்கினாள். போலீஸுக்குப் போன் செய்தாள். அப்புறம்தான் ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.

"சீக்கிரம் போடும்மா... உன் அக்காவுக்காகவாவது!"

மருந்தை ஊசியில் ஏற்றியவள் நிமிர்ந்து கேட்டாள்.

"முழுசா போடட்டுமா, அத்தான்... இல்ல, பாதி போதுமா?"