ஆரஞ்சு வால்களைத் திருடியது யார்?

இல்மா வீட்டுக்குப் பின்னால் இருந்த, பாசி படிந்த தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்த மதிவதனியின் முகம் சுருங்கியது.

இரண்டு வருடங்களுக்கு முன் தோழிகள் இருவரும் உக்கடம் மீன் கடையில் ஒரு கவர் கப்பி என்ற குட்டி வளர்ப்பு மீன்கள் வாங்கிப் பங்கு போட்டிருந்தார்கள். சில மீன்களுக்கு ஆரஞ்சு வால். சிலவற்றுக்கு மங்கலான பாசி நிற வால். மதி வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் அவற்றின் குட்டிகளும் அப்படியே கலந்து நீந்தின. இங்கேயோ ஒரு ஆரஞ்சு வால்கூட இல்லை. எல்லாமே பாசி நிறம்.

"நல்லதையெல்லாம் வித்துப்போட்டியா?" என்றாள் மதி.

"நான் என்னத்துக்கு விக்கறேன்?"

"அப்புறம் எங்க போச்சு?"

மதி விறுவிறுவென்று போய்விட்டாள். பள்ளியிலும் பேசவில்லை. இல்மாவுக்கு அழுகை அழுகையாக வந்தது.

சந்தேகம் ஒரு தொற்றுவியாதி. இல்மா இப்போது அண்ணன் சாஹிலைச் சந்தேகப்பட்டாள். அவன் தொட்டிப் பக்கம் போனாலே ஜன்னலில் நின்று கண்காணித்தாள்.

"முகம் கழுவ வந்தாக்கூட முறைக்கறா, பாருங்கம்மா," என்றான் அவன்.

ஆனால் ஜன்னலில் நின்றது வீண்போகவில்லை. துணிக்கொடியில் ஒரு மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது. சளக்கென்று தொட்டிக்குள் பாய்ந்து, ஒரு மீனோடு பறந்தது.

இல்மா மதி வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னாள்.

"பறவை மேல பழி போடறயா? அது ஆரஞ்சை மட்டும்தான் திங்குமா?" என்றாள் மதி. "என் ஆரஞ்சு மீன் ஒண்ணை உன் தொட்டில விட்டுப் பாக்கலாம்."

"வேண்டாம் மதி. பாவம், செத்துப்போயிரும். நீ என்னை நம்பாட்டியும் பரவால்ல."

மதி செருப்பை மாட்டிக்கொண்டாள். பிறகு இல்மாவுடன் அவள் வீட்டுக்கு நடந்தாள்.

இல்மா ரிப்பனில் இரண்டு மீன்கள் வெட்டினாள். ஒன்று ஆரஞ்சு, மற்றது பாசி நிறம். நூலில் கட்டித் தொட்டியில் மிதக்கவிட்டாள். காயப்போட்ட போர்வைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இருவரும் நூலை அசைத்தார்கள்.

மீன்கொத்தி வந்தது. நேராக ஆரஞ்சு ரிப்பனைக் கொத்தியது. உடனே துப்பிவிட்டு, கடையில் ஏமாந்த ஆளைப்போல் சுற்றிலும் பார்த்தது. மறுபடி பாய்ந்தபோதும் ஆரஞ்சுதான்.

"பாசிக்குள்ள பாசி நிறம் தெரியறதில்ல," மதி மெதுவாகச் சொன்னாள். "அதனால அதுங்க பொழைச்சு, அதே மாதிரி குட்டி போட்டிருக்கு. ஆரஞ்சுக்குக் குட்டி போடவே நேரமில்ல. எங்க ஊட்டுக்குள்ள மீன்கொத்தி வர்றதில்லையே."

"உங்க ஊட்டு மீனும் எங்க ஊட்டு மீனும் இப்படியே ரொம்ப ரொம்ப காலம் பிரிஞ்சே இருந்தா?" என்று கேட்டாள் இல்மா.

"மாறி மாறி வேற வேற இனமே ஆயிரலாம்னு சயின்ஸ் மிஸ் சொன்னாங்க. அப்புறம் ஒரே தொட்டில விட்டாலும் ஜோடி சேராதாம்."

சொன்ன பிறகு மதி தலையைக் குனிந்துகொண்டாள். "நான் ஒரு வாரமா உன்கிட்டப் பேசல."

"ஆமா," என்றாள் இல்மா. "இன்னொரு வாரம் போயிருந்தா நீ வேற இனம் ஆயிருப்ப. வா, சாப்பிடலாம்."