ஆளில்லா நேரத்துக் கணக்கு

காலையில் கடையைத் திறந்ததும் ஜெபமலரின் கண்ணில் பட்டது திரையின் மூலையில் இருந்த அந்தச் சின்ன வரிதான். யாரோ கம்ப்யூட்டரைப் பயன்படுத்துகிறார்கள், கணக்கு காத்திருக்கிறது என்று ஆங்கிலத்தில் இருந்தது. கதவு பூட்டியிருந்தது. சாவி அவள் கைப்பையிலேயே இருந்தது. உள்ளே ஒருவரும் இல்லை.

ஆரியசாலைச் சந்து ஒன்றில், திரவியத்தின் மிளகாய் மண்டிக்கு மேலே இருந்த ஒற்றை அறை அது. கல்யாணக் கார்டும் நோட்டீஸும் டைப் செய்து கொடுக்கும் டிடிபி கடை. கீழேயிருந்து வற்றல் நெடியும் மழையில் ஊறிய சாக்கின் வாடையும் மரப்படி வழியாக ஏறிவந்து அங்கேயே தங்கிக் கிடக்கும். கம்ப்யூட்டரை வாங்கிப் பொருத்திக் கொடுத்தவன் தம்பி பிரஜின். எஞ்சினீயரிங் படித்தவன். அந்தக் கணக்கையும் அவன்தான் அதில் ஏற்றிவைத்தான். வரி வரியாக நீளும் பெரிய எண் ஒன்று. எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் அது வருமென்று யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் கூலி வாங்காமல் தங்கள் கம்ப்யூட்டர்களை விட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்றான். தேடலில் அகப்படும் ஒவ்வொரு பொருத்தத்துக்கும் அவர்கள் வைத்த பெயர் உறவு என்று சொல்லிச் சிரித்தான்.

"உன் வேலைக்கு இடைஞ்சல் இல்லக்கா. நீ கை வச்சா அது ஒதுங்கிக்கும். ஆள் இல்லேன்னு தெரிஞ்சாத்தான் ஓடும்."

அதை ஏற்றிவைத்த மழைக்காலத்திலேயே வித்துராவுக்கு மேலே மலையாற்றில் குளிக்கப் போனவன் திரும்பவில்லை. உடல் கிடைத்தபோது ஜெபமலர்தான் போய் அடையாளம் காட்டினாள். அழவில்லை. சர்ச்சில் பாட்டுப் பாடினார்கள். அவள் வாயும் அசைந்தது. சோற்றில் உப்பு போதுமா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அம்மா மார்த்தாண்டத்திலிருந்து வந்து கூப்பிட்டுப் பார்த்தாள், போகத் தோன்றவில்லை. கம்ப்யூட்டரை மட்டும் அணைக்காமல் விட்டாள். அவன் தொடங்கிவைத்தது ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கட்டும்.

இப்போது அது நின்றிருந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் வரி மாறியது. கணக்கு ஓடத் தொடங்கியது. யாரோ எழுந்து இடம் விட்டதுபோல.

எலியாகத்தான் இருக்கும் என்று திரவியம் சொன்னார். பொறி வைத்தார்கள். ஒன்றும் விழவில்லை. மறுநாளும் கணக்கு நின்றிருந்தது. கீபோர்டையும் மவுஸையும் கழற்றி வைத்துவிட்டுப் போனாள். அதற்கு மறுநாளும் நின்றிருந்தது. பயப்பட வேண்டும் என்று தெரிந்தது, பயம்தான் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொடுவதுபோல, தன் மனதை எங்கேயோ வெளியிலிருந்து தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியவள் பாதிப் படியில் நின்றாள். ஓட்டில் மழை சரசரத்துக்கொண்டிருந்தது, கீழே மூட்டையை யாரோ இழுத்தார்கள், சாலைப் பக்கமிருந்து லாரியின் உறுமல் வந்து தேய்ந்தது, அத்தனைக்கும் அடியில், பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம், டைப் செய்யும் சத்தம் கேட்டது. நிதானமாக. கல்யாணக் கார்டு அடிக்கிறவர்களின் நிதானம். வற்றல் நெடியைத் தாண்டி ஆற்றுச் சேற்றின் வாடை வந்தது. கதவைத் திறந்தாள். கீபோர்டு, அவள் கழற்றி வைத்த அலமாரியின் மேலேயே இருந்தது.

கடையில் மலையாள வேலைகளை டைப் செய்கிற சரோஜத்துக்கும் இதெல்லாம் தெரிந்துபோயிற்று. நெய்யாற்றின்கரைக்காரி. அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் பயந்து சிலுவை போட்டுக்கொள்வாள்.

"எனக்குப் பேடியாகுது அக்கா, கேட்டோ. அதைக் களைஞ்சிடுங்க," என்றாள்.

கணக்கை அழித்துவிடுவதாக ஜெபமலர் ஒத்துக்கொண்டாள். விளக்கு வைக்கிற நேரம். மழை விடவில்லை. சரோஜம் டீ வாங்கக் கீழே போனாள். ஜெபமலர் கீபோர்டையும் மவுஸையும் மாட்டி, உட்கார்ந்து, மவுஸை நகர்த்தினாள். திரையில் அம்புக்குறி நகர்ந்தது.

கணக்கு நிற்கவில்லை.

மூலையில் எண்கள் ஓடிக்கொண்டேயிருந்தன. ஒரு எழுத்தைத் தட்டினாள். எழுத்து விழுந்தது. கணக்கு ஓடியது. இரண்டு கையாலும் தட்டினாள். வரி வரியாக எழுத்து நிறைந்தது. ஆள் இல்லை, வேலை நடக்கிறது என்றது திரை.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இத்தனை நாளும் அவள் உட்கார்ந்தபோதெல்லாம் அது ஓடத்தான் செய்தது. எழுந்து இடம் விட்டவர்கள் யாருமில்லை. அவள் உட்கார்ந்ததைத்தான் அது அறியவில்லை.

விரலைக் கன்னத்தில் வைத்தாள். விரலும் தெரியவில்லை. கன்னமும் தெரியவில்லை.

எழுந்து வெளியே வந்தாள். படியின் மேல்தட்டில், சுவரோடு ஒட்டி நின்றாள். உள்ளே நாற்காலி முனகியது. திரையில் எண்கள் நின்றன. கணக்கு காத்திருந்தது.

கீழே செருப்புச் சத்தம். சரோஜம்தான். டீத் தூக்குவாளியுடன் ஏறி வந்தாள். ஜெபமலர் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். சரோஜம் அவள் தோளை உரசிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"இதென்ன அக்கா, இப்படி நனைஞ்சுபோயி இருக்கீங்க?"

நாற்காலியைப் பார்த்துத்தான் கேட்டாள். காலியாக இருந்த நாற்காலியை. பதிலைக் கேட்கிறவள்போலத் தலையை ஆட்டினாள். ஆணியில் கிடந்த துண்டை எடுத்தாள்.

"தலையைத் துவர்த்தாம இருந்தா பனியும் காய்ச்சலும் வரும்," என்று சொல்லி, நாற்காலிக்கு மேலே வெறும் காற்றில் துண்டைப் போட்டாள்.

துண்டு விழவில்லை.

ஒரு தலையின் உருண்டையில் அது படிந்து நின்றது. சரோஜம் மெதுவாகத் துவட்டினாள். துணி ஊறிக் கறுத்தது. நுனியிலிருந்து சேற்று நீர் சிமெண்டுத் தரையில் சொட்டியது.

பிறகு துண்டு திரும்பியது. கொஞ்சம் கொஞ்சமாக. வாசலைப் பார்த்து.

சரோஜமும் வாசலைப் பார்த்தாள். அவள் பார்வை ஜெபமலரின் முகத்தின்மேல் விழுந்து, நிற்காமல் போயிற்று.

"அங்க என்ன பாக்கறீங்க அக்கா? ஆரும் இல்லியே," என்றாள்.

துண்டு வாசலை விட்டுத் திரும்பவில்லை. ஈரத்துணிக்கு அடியில், வாய் இருக்க வேண்டிய இடத்தில், மெல்ல ஒரு பள்ளம் விழுந்தது.