நாற்பத்தொன்றாம் எண்ணுக்காக ஒரு மணி நேரம்

"நீங்கதானே நாப்பத்தொண்ணு?"

சைக்கிளை நிறுத்தி ஒரு கால் தரையில் படுவதற்குள் கேள்வி வந்து விழுந்தது. கேட்டவன் கூடாரத்தின் ஓரத்தில் நின்றிருந்தான். தலைமுடியில் மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது... மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது... அதற்குப் பின்னால் இருந்த கண்கள் மட்டும் நன்றாகவே கோபப்பட்டுக்கொண்டிருந்தன.

"ஆமா... அதுக்கென்ன இப்போ?"

"அதுக்கென்னவா? ஒரு மணி நேரமா உங்களுக்காகத்தான் நிக்கிறேன்!"

முப்பத்துநாலு வயதில், ஓர் ஆண்பிள்ளை அவளுக்காக ஒரு மணி நேரம் காத்திருந்ததாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவும் இப்படி வள்ளென்று விழுந்து! அவள் ராசி அப்படி.

விஷயம் இதுதான். இருநூறு கிலோமீட்டர் சைக்கிள் பயணம். காலை ஆறு மணிக்குக் கிளம்பி, சாயங்காலம் ஏழரைக்குள் கிளம்பிய இடத்துக்கே திரும்ப வேண்டும். ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு செக்பாயிண்ட். அங்கே அவரவர் கார்டில் முத்திரை வாங்க வேண்டும். ஒரு முத்திரை குறைந்தாலும் மிதித்ததெல்லாம் வீண். முதல் செக்பாயிண்டில் மழை பிடித்துக்கொண்டது. முத்திரை போட்டவர் கார்டுகளை நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு நீட்டினார். அவசரத்தில் இவன் கார்டு அவளிடமும், அவள் கார்டு இவனிடமும் போய்விட்டது. இருவரும் பிரித்துப் பார்க்காமலே முதுகுப் பையில் செருகிக்கொண்டு கிளம்பினார்கள். இவன் பறந்தான்... அவள் ஊர்ந்தாள். இந்த இரண்டாவது செக்பாயிண்டில் உறையைப் பிரித்தபோதுதான் கார்டு மாறியது இவனுக்குத் தெரிந்தது.

"வாங்கும்போது பார்த்து வாங்க மாட்டீங்களா?" என்றான்.

"நீங்க பார்த்தீங்களா?"

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான்.

"என்ன வேலை பாக்குறீங்க சார்?"

"கண்ணாடிக் கடை. கண்ணு டெஸ்ட் பண்ணி..."

"ரொம்ப நல்லது! ஊர்க் கண்ணையெல்லாம் டெஸ்ட் பண்றவருக்குத் தன் கார்டுல இருக்கிற நம்பர் தெரியல!"

அவனுக்குக் கோபத்தைத் தொடர முடியவில்லை. சிரிப்பு முந்திக்கொண்டது. சிரித்தால் அந்தக் கண்கள் இரண்டும் சின்னதாகி, காணாமலே போய்விட்டன. அட... இந்த மூஞ்சிக்குச் சிரிக்கக்கூடத் தெரியுமா என்று நினைத்துக்கொண்டாள்.

கார்டை நீட்டிவிட்டுக் கூடாரக் கம்பத்தைப் பிடித்துச் சாய்ந்துகொண்டாள். அவன் கவனித்துவிட்டான்.

"கடைசியா எப்போ சாப்பிட்டீங்க?"

"காலையில. பசிக்கவே இல்லையே..."

"பசிக்கிற வரைக்கும் காத்திருக்கக் கூடாதுங்க. முதல் தடவையா? காலையில வேகமாப் போற கூட்டத்தோட சேர்ந்து நீங்களும் பறந்திருப்பீங்களே?"

பறந்தாள்தான். பத்துக் கிலோமீட்டர் வரைக்கும் ராணி மாதிரி. அப்புறம் தொடை இரண்டும் கெஞ்ச ஆரம்பித்தன. அதையெல்லாம் இவனிடம் ஒப்புக்கொள்வாளா என்ன?

"நான் ரத்தம் எடுக்கிற லேப்ல வேலை பாக்குறேன். மயக்கம் போடுறவங்களுக்கு பிஸ்கட் குடுக்கிறதே நான்தான். எனக்குத் தெரியாதா?"

"சரி... உங்களுக்கு யாரு குடுப்பாங்க?" என்று ஒரு வாழைப்பழத்தை உரித்து நீட்டினான்.

விளையாட்டாகத்தான் கேட்டான். ஆனாலும் அவளுக்குச் சுருக்கென்றது. பழத்தை வாங்கிக்கொண்டு மழையைப் பார்த்தபடி தின்றாள். அவன் முத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டில் அவள் மட்டும். ஞாயிற்றுக்கிழமைதோறும் அண்ணன் போன் பண்ணுவான். "வீட்டைக் காலி பண்ணிட்டு இங்க வந்துடு. பின்பக்க ரூமு சும்மாத்தான் கிடக்கு. ஒத்தையா உன்னால முடியாதும்மா" என்பான். எட்டு மாதத்துக்கு முன்னால் இந்தப் பயணத்தைப் பற்றிச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தான். "இருநூறு கிலோமீட்டர் நீ தனியாப் போய்த் திரும்பிட்டேன்னா, அப்புறம் நான் வாயே திறக்கல. முடியலன்னா மூட்டையைக் கட்டிடணும்... சரியா?" அவள் சரியென்றுவிட்டாள். அம்மா கடைசி மூச்சை விட்ட வீடு. அதைவிட்டு எங்கே போவாள்?

திரும்பும் வழியில் எதிர்காற்று. கூட வந்தவர்கள் ஒவ்வொருவராக முன்னால் போய் மறைந்தார்கள். யாருமில்லாத ரோடு... விட்டு விட்டு மழை... சங்கிலியின் கரகர சத்தம். மேடு வந்தால் "இந்தா, இவ்வளவுதான்... இன்னும் கொஞ்சம்..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லும்போதுதான் உறைத்தது. வீட்டிலும் இப்படித்தான். ஃப்ரிட்ஜிடம் பேசுவாள், குக்கரை அதட்டுவாள். பதில் வராத பேச்சுக்கு வாய் பழகிப்போயிருந்தது. அந்த வெட்டவெளியில் அதை நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யார் பார்க்கப்போகிறார்கள்? கொஞ்ச தூரம் அழுதுகொண்டே மிதித்தாள்.

மூன்றாவது செக்பாயிண்ட் ஒரு மூடிய கடையின் தாழ்வாரம். அங்கே... அவன் உட்கார்ந்திருந்தான்.

"மறுபடியும் கார்டு மாறிடுச்சா?"

"இல்ல..."

"அப்புறம்?"

"செயின் கொஞ்சம்..." என்று ஆரம்பித்து, அவள் பார்வையைப் பார்த்ததும் நிறுத்தினான். "சும்மாத்தான். நீங்க வந்து சேர்ந்தீங்களான்னு பாத்துட்டுப் போலாம்னு..."

வந்ததே அவளுக்குக் கோபம்! இவனும் அண்ணன் மாதிரிதானா?

"என்னால முடியாதுன்னு நீங்களும் முடிவு பண்ணிட்டீங்களா? யாரும் எனக்காகப் பாவப்பட்டு உட்கார வேணாம். இதை நான் தனியாத்தான் முடிக்கணும். தயவுசெஞ்சு போங்க!"

அவன் முகம் தொங்கிப்போயிற்று. "தப்பா நினைக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டான். வளைவில் அவன் மறைகிற வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். ஏன் நின்றாள்? அதை அவளிடமே கேட்டிருந்தாலும் சீறியிருப்பாள்.

நூற்று எழுபதாவது கிலோமீட்டரில் பின்சக்கரம் பஞ்சர். ரோட்டோரச் சேற்றில் உட்கார்ந்து டயருக்குள் விரலால் தடவித் தடவி முள்ளைக் கண்டுபிடித்தாள். தினமும் நூறு பேர் கையில் நரம்பு தேடுகிற விரல்கள்! ட்யூபை மாற்றிக் காற்றடித்து ஏறியபோது இருபத்தைந்து நிமிஷம் போயிருந்தது. அதன்பிறகு நேரத்தைப் பார்க்கவில்லை. பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு பிஸ்கட்டை மட்டும் மறக்காமல் தின்றாள்.

ஏழு இருபத்தொன்றுக்குக் கடைசி முத்திரை விழுந்தது.

"சபாஷ்மா! ஒன்பது நிமிஷம் பாக்கி!" என்றார் முத்திரை போட்டவர்.

அண்ணனுக்குப் போன் பண்ணினாள். "நிஜமாவா...? சரிம்மா. சொன்னா சொன்னதுதான். இனி வீட்டைப் பத்திப் பேச மாட்டேன்" என்றான். பிறகு, "ஜாக்கிரதையா வீட்டுக்குப் போ" என்று வைத்துவிட்டான்.

அவ்வளவுதான். ஜெயித்தாயிற்று. அவளைச் சுற்றி மேஜைகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். முடித்தவர்களைக் கட்டிக்கொள்ள யார் யாரோ வந்திருந்தார்கள்... மனைவி, பிள்ளைகள், நண்பர்கள். அவளுக்கு ஈரத் துணியும் வலிக்கிற முட்டியும்தான் இருந்தன. இதற்கா இத்தனை பாடு என்று ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

வாசல் சுவரோரம் அவன் நின்றிருந்தான். இரண்டு மணி நேரம் முன்பே முடித்தவன். இவளைக் கண்டதும் திடுக்கிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"பாவப்பட்டு நிக்கல" என்றான் அவசரமாக. "சொல்லிட்டுப் போயிடுறேன். மத்தியானம் கூடாரத்துல நின்னது எரிச்சல்லதான். ஆனா நீங்க வந்தப்புறம்... யாருக்காகவாவது காத்திருந்து எவ்வளவு வருஷம் ஆச்சுன்னு தோணுச்சு. கடையைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போனா நானும் நாலு சுவரும்தான். நீங்க திட்டினாக்கூட நல்லா இருந்துச்சுங்க. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு."

மழை விட்டிருந்தது. இதற்கு மேலும் வீராப்புக் காட்ட அவள் உடம்பில் சத்தில்லை.

"தனியா முடியும்னு காட்டத்தான் வந்தேன்" என்றாள் மெல்ல. "காட்டிட்டேன். இனி என்னை யாரும் வீட்டைவிட்டுக் கிளப்ப முடியாது. ஆனா... அந்தத் தாழ்வாரத்துல உங்களைப் பார்த்ததும் எனக்கு முதல்ல வந்தது கோபம் இல்லைங்க. சந்தோஷம். அது பயமா இருந்துச்சு... அதான் கத்திட்டேன்."

அவன் நிமிர்ந்தான். அந்தக் கண்கள் மறுபடியும் சின்னதாகிக்கொண்டிருந்தன.

"என்னால தனியா இருக்க முடியும்" என்றாள், இப்போது அழுதுகொண்டே. "ஆனா எனக்கு அது பிடிக்கல."